சீனிக்கு மறுவீடு

“எங்க பந்தியில உக்காந்த யாரும் இதுவரைக்கும் பசியோட எந்திரிச்சதில்ல, தாயி. இப்பம் ஒரு நாய் வந்து எம் மானத்தை வாங்குது” என்றார் ஆவுடையப்பன்.

உலகம்மை புளி உடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யலை. அதான் சங்கடம். திங்கவே மாட்டேங்கு.”

மலைக்கு ஏறுகிற பாதையில் இருக்கிறது உலகம்மையின் மடம். பெரிய மடம் ஒன்றும் இல்லை. ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு கிணறு, ஒரு மாட்டுக்கொட்டகை. உலகம்மைக்கு நாற்பது வயதுகூட இருக்காது. ஆவுடையப்பன் அறுபதைத் தாண்டியவர். ஆனாலும் அவர் அவளைத் தாயி என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். மனசு கலங்கினால் சுற்றுவட்டாரமே அவளிடம்தான் வரும். அவள் பெரிதாக எதுவும் சொல்லிவிட மாட்டாள். இருந்தாலும் வரும்.

ஆவுடையப்பனுக்குத் தொழில் பந்தி விசாரிப்பு. கல்யாண வீட்டில் வரிசை வரிசையாக நடந்து, இலை இலையாகக் குனிந்து, “இன்னும் கொஞ்சம் பாயசம் விடட்டுமா? கூச்சப்படாம கேளுங்க” என்பவர். கோபித்துக்கொண்டு எழுந்த சம்பந்தியைத் தோளில் கைபோட்டு மறுபடி உட்கார வைத்து, அவர் வாயாலேயே ‘போதும்’ சொல்ல வைத்த ஆள்.

“யாரு வீட்டு நாய்?” என்றாள் உலகம்மை.

“நம்ம பூதத்தான் வளத்தது. அவன் ஆக்குவான், நான் பரிமாறுவேன், அப்படியே காலம் போச்சு. இப்பம் அவனுக்கு ஒரு கையும் காலும் விழுந்துட்டு. மக வந்து மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அந்த மாடி வீட்டுல நாயை ஏத்த விட மாட்டாவளாம். எங்கிட்ட விட்டுட்டுப் போயிட்டான்.”

“குட்டியா?”

“எங்க? ஏழெட்டு வயசு இருக்கும். வெள்ளை நாய். பேரு சீனி. கார்ல ஏத்தும்போது பூதத்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னான்ங்கிய? ‘அவனுக்குச் சோறு இறங்குனாத்தான் எனக்குச் சோறு இறங்கும்’னான். சாயங்காலமானா போன் போடுதான். ‘சீனி தின்னானா’ங்கான்.”

“நீங்க என்ன சொல்லுதிய?”

“ரெண்டு தோசை தின்னான்னு சொல்லுதேன்.”

“தின்னுச்சா?”

“நாந்தான் தின்னேன்.”

உலகம்மை ஒரு கொட்டையைத் தட்டி எடுத்தாள்.

“என்னவெல்லாம் குடுத்திய?”

கேட்டதும் ஆவுடையப்பனுக்குக் குரல் தெம்பாகிவிட்டது.

“என்ன குடுக்கலைன்னு கேளுங்க. வந்த அன்னைக்கே வாசல்ல ஆலாத்தி எடுத்து உள்ள கூட்டிட்டுப் போனோம். ஈரல் வாங்கியாந்து வேகவச்சேன். பால் வச்சேன். தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. மருமக தலையைத் தடவிக் குடுக்கா. பேத்தி ஊட்டி விடுதா. நான் எதுக்கவே நின்னு ‘தின்னு சீனி, இது உன் வீடு சீனி’ன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். அது சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிடுது. விலா எலும்பு தெரியுது, தாயி. அது போச்சுன்னா அங்க அவனும் போயிருவான்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வெயிலா இருக்கு. சாப்பிட்டுப் போங்க” என்றாள் உலகம்மை.

கூடத்தில் இலை போட்டார்கள். சோறும் சுண்டைக்காய்க் குழம்பும் அவியலும் வந்தன. ஆவுடையப்பன் உட்கார்ந்தார்.

மலையேற வந்து தங்கி, இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரைப் பார்த்து உலகம்மை கண்ணைக் காட்டினாள். அவர்கள் வந்து அவரைச் சுற்றிக் குந்தினார்கள்.

அவர் சோற்றைப் பிசைந்தார்.

“பிசையுதாவ” என்றான் ஒருவன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எட்டுக் கண்களும் அவர் கையில் இருந்தன.

ஒரு உருண்டை எடுத்தார்.

“எடுத்துட்டாவ.”

“வாய்கிட்டக்கப் போயிட்டு.”

“முழுங்குதாவளான்னு பாரு.”

“சாப்பிடுங்க அண்ணாச்சி. இது உங்க வீடு அண்ணாச்சி” என்றாள் ஒரு அம்மா. இன்னொருவன் பின்னாலிருந்து அவர் தலையைத் தடவிக் கொடுத்தான்.

சோறு தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தார். குடிப்பதையும் பார்த்தார்கள்.

இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தார் ஆவுடையப்பன்.

“எங்க போறிய?” என்றாள் உலகம்மை.

“என்ன தாயி இது கூத்து? மனுசனைத் திங்க விடுதாவளா? எங்கனயாவது மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால போயி, யார் கண்ணுலயும் படாம உக்காந்து ரெண்டு வாய்...”

சொன்னவர் நின்றார்.

குழம்பு இலையின் ஓரத்தில் ஒழுகி வேட்டியில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

உலகம்மை அடுத்த புளியை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் வீட்டில் எல்லாரையும் உள்ளே போகச் சொன்னார். பேத்தி சிணுங்கினாள். மருமகள் தூக்கிக்கொண்டு போனாள். தெருக்காரர்களிடம், “இங்க என்ன சப்பரமா நிக்கி?” என்று கேட்டு அனுப்பினார்.

பின்வாசல் வேப்பமரத்தடியில், சீனி படுத்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தட்டை வைத்தார். வெறும் ரசம் சோறு. வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

வாய் நமநமத்தது அவருக்கு. ‘தின்னு’ என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. பல்லைக் கடித்துக்கொண்டார். ஆயுசுக்கும் கேட்டுப் பழகிய வாய் அது.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. காக்கை கத்தியது. அடுத்த வீட்டில் யாரோ துணி துவைத்தார்கள்.

பிறகு தட்டு தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

ஆவுடையப்பன் திரும்பவில்லை. ஜன்னலுக்குள் நின்றிருந்த அவர் மனைவி கோமு அம்மாள் பார்த்தாள். நாய் நக்கி நக்கித் தின்றது. மனிதர் மண்ணைப் பார்த்தபடி, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலு நாள் நன்றாகப் போனது. ஐந்தாம் நாள் பூதத்தான் போனில், “தின்னானா?” என்றான்.

“ரசம் சோறு தின்னான்ல. நெசம்மா தின்னான்” என்றார் ஆவுடையப்பன்.

“அப்பம் இத்தனை நாளா பொய்யா சொன்ன?”

ஆவுடையப்பன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“சரி, விடு. எனக்குத் தெரியும். ரசஞ்சோத்துக்கே இத்தனை நாள் எடுத்தவன் முதல்லயே ரெண்டு தோசை திங்கானாம்! போனை அவன் காதுல வை.”

அங்கேதான் பிசகிப்போனது.

வைத்தார். போனுக்குள்ளிருந்து குழறின குரலில், “ஏல சீனீ... சீனிப்பயலே...” என்று வந்தது. நாய் காதை விறைத்து எழுந்தது. போனை மோந்தது. ஆவுடையப்பன் கையை மோந்தது. வீட்டுக்குள் ஓடி அறை அறையாகத் தேடியது. கட்டிலுக்கு அடியில் பார்த்தது. அரிசிப் பானைக்குப் பின்னால் பார்த்தது. திரும்ப வந்து போனைப் பார்த்து முனங்கியது.

விடிந்து பார்த்தால், ராத்திரி கட்டிப்போட்டிருந்த கயிறு அறுந்து கிடந்தது.

பூதத்தான் வீடு மேற்கே, நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். ஆவுடையப்பன் ஓடினார். பூட்டின கதவில் மூக்கை வைத்துப் படுத்திருந்தது சீனி. பின்னங்காலில் தோல் பெயர்ந்திருந்தது.

“லாரிகிட்ட இருந்து மயிரிழையில தப்பிச்சுது” என்றான் சாலையோரத்து டீக்கடைக்காரன். “அடுத்த தடவை தப்பாது, அண்ணாச்சி.”

தூக்கிக்கொண்டு வந்தார். கயிற்றை எறிந்துவிட்டுச் சங்கிலி போட்டார்.

அப்புறம் மடத்துக்குப் போனார்.

“திங்குது தாயி. ஆனா இருக்க மாட்டேங்கு. மூஞ்சி மேற்கேதான். வீட்டுக்கு முதுகுதான். சங்கிலியை அவுத்தா ரோட்டுல அடிபட்டுச் சாகும். அவுக்காட்டா இப்படியே ஏங்கிச் சாகும். நான் என்ன செய்ய?”

உலகம்மை கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வாளியை மேலே இழுத்துத் திண்டில் வைத்தாள்.

“நாளைக்கு மதினியக் கூட்டிட்டு வாங்க.”

“அவ எதுக்கு? அவளுக்கு நாயைப் பத்தி என்ன தெரியும்?”

“கூட்டிட்டு வாங்க.”

மறுநாள் கோமு அம்மாள் வந்தாள். வரும்போதே பேசிக்கொண்டுதான் வந்தாள்.

“இந்த மனுசனுக்கு நீங்களாச்சும் சொல்லுங்க தாயி. வீட்டுல நாய் கத்துதா, இவுக கத்துதாவளான்னு தெரியலை. நேத்து என்னைய ‘சீனி’ன்னு கூப்பிடுதாவ.”

“நல்ல பேருதான மதினி” என்றாள் உலகம்மை. “உக்காருங்க. ஒண்ணு கேக்கணும். கல்யாணமாகி இவுக வீட்டுக்கு வந்த புதுசுல நீங்க எப்படி இருந்திய?”

கோமு அம்மாள் புருசனைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பைப் பார்த்தாள்.

“அதை எதுக்குக் கேக்கிய? சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடந்தேன். பஸ் சத்தம் கேட்டா எங்க ஊரு பஸ்ஸான்னு காது போகும். இவுக வந்து வந்து லட்டா அடுக்குவாவ. ‘தின்னு கோமு, இது உன் வீடு கோமு’ன்னு.”

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார்.

“அப்புறம்?”

“அப்புறம் எங்க அண்ணன் மறுவீட்டுக்கு அழைக்க வந்தான். புதுச்சேலை கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் போனோம். நான் பஸ்ஸவிட்டு இறங்குனதும் ஓட்டமும் நடையுமா போனேன். எங்க வீட்டு வாசலு, எங்க அம்மா, எல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. நான் படுக்கிற மூலைக்குப் போனேன். அங்க வெங்காய மூட்டை அடுக்கியிருந்துச்சு.”

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

“யாரு மேலயும் தப்பில்ல. மூலை காலியா கெடந்தா வெங்காயம் வைக்கத்தான செய்வாவ. நான் அந்த மூட்டை மேலயே ஒரு நாள் பூரா உக்காந்திருந்தேன். யாரும் ஒண்ணும் கேக்கலை. மறுநா வெள்ளன எந்திரிச்சு இவுககிட்டப் போயி, ‘நம்ம வீட்டுக்கு எப்பம் போறோம்?’னு கேட்டேன்.”

“இதெல்லாம் எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே” என்றார் ஆவுடையப்பன்.

“நீங்க எங்க கேட்டிய? ‘இன்னும் ரெண்டு வைக்கட்டுமா’ன்னுதான் கேட்டிய.”

உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, “அண்ணாச்சி” என்றாள்.

“சொல்லுங்க தாயி.”

“சீனியை மறுவீட்டுக்கு யாரு கூட்டிட்டுப் போறது?”

“நாய்க்கு மறுவீடா?”

உலகம்மை எழுந்து போய் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். அவர் கேட்டது கிணற்றுக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது.

“அது அங்கயே இருந்துட்டா?” என்றார். “வர மாட்டேன்னு படுத்துக்கிட்டா? தெரியாத்தனமா நானே கொண்டுபோய் விட்ட மாதிரி ஆயிராதா?”

வாளி தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. 

அன்று வெயில் தாழ்ந்ததும் புருசனும் பெண்டாட்டியும் சீனியுமாக வீட்டிலிருந்து கிளம்பினார்கள். ஆவுடையப்பன் கையில் சங்கிலி. கோமு அம்மாள் கூடவே நடந்தாள். சாலைக்கு மேலே போகாமல், அடியில் தண்ணீர் போக விட்டிருக்கிற பாலத்துக்குள் குனிந்து போனார்கள். முதலில் நாய் போக மறுத்தது. கோமு அம்மாள் முன்னால் போனாள். நாய் அவள் சேலையை மோந்துகொண்டே போனது.

அந்தப் பக்கம் ஏறியதும் சீனி இழுக்க ஆரம்பித்தது. ஆவுடையப்பனுக்கு மூச்சு வாங்கியது.

பூதத்தான் வீட்டு வாசலில் சருகு குவிந்திருந்தது. நாய் கதவுக்கு அடியில் மூக்கை விட்டது. நீளமாக மூச்சை இழுத்தது. கதவைப் பிறாண்டியது. காத்திருந்தது. மறுபடி பிறாண்டியது.

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

கோமு அம்மாள் அவர் தொடையில் கிள்ளினாள்.

“பேசாம இருங்க.”

நாய் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனது. அவர்களும் போனார்கள். கொல்லையில், அடுப்படிச் சுவரோரம், பூதத்தான் விரித்துப்போட்ட சாக்கு அப்படியே கிடந்தது. அதில் அடுத்த வீட்டுக் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது.

கோழி சிறகை விரித்துச் சீறியது.

சீனி குரைக்கவில்லை. விரட்டவில்லை. நின்று பார்த்தது.

ஆவுடையப்பன் குனிந்தார். சங்கிலிக் கொக்கியில் கை வைத்தார்.  எடுத்தார். வைத்தார். கோமு அம்மாளைப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழற்றிவிட்டார்.

நாய் ஓடவில்லை. வாலை ஆட்டவும் இல்லை. முன்வாசலுக்கு வந்து கதவடியில் படுத்துக்கொண்டது.

அவர்களும் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தெருவில் போன ஒரு ஆள், “என்ன அண்ணாச்சி, பூதத்தான் வந்துட்டானா?” என்றான். இல்லை என்று தலையாட்டினார். ஆடுகள் திரும்பின. தூசி அடங்கியது. சூரியன் பனைமரத்துக்குக் கீழே இறங்கியது.

“போவமா?” என்றாள் கோமு அம்மாள்.

“இவன்?”

“எந்திரிங்க.”

எழுந்தார். இரண்டு பேரும் நடந்தார்கள். சங்கிலி அவர் கையில் வெறுமனே தொங்கியது.

“ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கட்டுமா கோமு?”

“நடங்க.”

“திரும்பி மட்டும் பாக்கேன்.”

“திரும்புனியன்னா அதுவும் இலைக்கு எதுக்க நிக்கது மாதிரிதான்.”

பத்தடி போனார்கள். இன்னும் போனார்கள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஆவுடையப்பனுக்குக் கண் மறைத்தது. பூதத்தானிடம் என்ன சொல்வது என்று நினைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பாலத்துக்குள் குனிந்து நுழைந்தார்கள். இருட்டாக இருந்தது. தலைக்கு மேலே லாரி ஒன்று கடகடவென்று போனது. வெளியே வந்தார்கள்.

அப்போதுதான் அவர் காலில் ஏதோ உரசியது.

வெள்ளையாக ஒன்று அவர்களைத் தாண்டிக்கொண்டு முன்னால் போனது. காயம்பட்ட காலைக் கொஞ்சம் தூக்கித் தூக்கி வைத்தது.

அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சந்தைக்குப் போவது. இன்னொன்று அவர்கள் தெருவுக்கு.

சீனி அந்த இடத்தில் நின்றது. மண்ணை மோந்தது. 

நாய் அவர்கள் தெருவுக்குத் திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்தது. பிறகு நின்று, தலையைத் திருப்பி, இரண்டு பேரையும் பார்த்தது.

ஆவுடையப்பன் அசையவில்லை. கூப்பிடக் கூடாது, பேசக் கூடாது, எதிரே போய் நிற்கக் கூடாது என்று கல்லாக நின்றார்.

கோமு அம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நடங்க. அதுதான் நம்மளைக் கூப்பிடுதுல்லா.”